ஒரு சீலைக்கு எத்தனை மணித்தியாலம்?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுயதொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் மூவர் நிற்கிறோம். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்று ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். ஒருவர் வரைபவர், ஒருவர் மெழுகும் சாயமும் பார்ப்பவர், ஒருவர் கணக்கையும் வாடிக்கையாளரையும் பார்ப்பவர். இந்த உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிக்கும் குரல் ஒன்று என்றாலும் பேச்சு எங்கள் மூவருடையது என்று கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தந்த தலைப்பு 'கலையைத் தொழிலாக்குதல்'. அது பெரிய தலைப்பு. கடன் எடுப்பது, கண்காட்சி வைப்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று பேச எவ்வளவோ உண்டு. அவற்றைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு சித்திரத்துக்கோ, ஒரு சீலைக்கோ செலவாகும் நேரத்தை எழுதி வைப்பது பற்றியே பேசப் போகிறோம். கேட்கச் சின்ன விடயமாகத் தெரியும். எங்கள் பட்டறை இத்தனை ஆண்டுகள் மூடப்படாமல் இருப்பதற்குக் காரணம் கேட்டால், முதலாவதாக இதைத்தான் சொல்வோம்.

எங்கள் ஊரில் பெண்களின் கைவேலைக்கு நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. அம்மம்மா ஓலையில் பெட்டியும் கடகமும் இழைத்தார். அம்மா மேசை விரிப்பில் பூ வேலை செய்தார். மாமி குறோசே பின்னினார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "சும்மா இருக்கிற நேரத்திலை செய்தது." அந்தச் சும்மா இருக்கிற நேரம் எது என்று பார்த்தால், சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கிணற்றடியும் முற்றமும் பார்த்து, எல்லோரும் படுத்த பிறகு இரவு பத்து மணிக்கு விளக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்த நேரம். மேசன் வேலைக்கு ஒருவர் காலை எட்டு மணிக்கு வந்து பின்நேரம் ஐந்து மணிக்குப் போனால் அன்றைய கூலி என்ன என்று ஊருக்கே தெரியும். அம்மம்மாவின் கடகத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று அம்மம்மாவுக்கே தெரியாது.

பட்டறையைத் தொடங்கிய அன்றே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். கணக்கு பார்ப்பவர் போட்ட நிபந்தனை அது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் வேலையின் பெயர், கேட்டவர், கொடுக்க வேண்டிய திகதி. கீழே ஐந்து நிரல்கள்: நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, செய்தவர். அவ்வளவுதான். இப்போது கைத்தொலைபேசியில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. அவற்றைப் பழகியவர்கள் தாராளமாகப் பாவியுங்கள். எங்கள் கை எப்போதும் மெழுகிலும் சாயத்திலும் இருப்பதால், சுவரில் மணிக்கூடும், ஆணியில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலும் கொப்பியுமே எங்களுக்கு வசதி. எதில் எழுதினாலும் ஒரு விதி உண்டு. அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். இரவில் நினைத்து எழுதினால், பிடித்த வேலை குறைவாகவும் பிடிக்காத வேலை கூடுதலாகவும் கொப்பியில் ஏறிவிடும்.

பத்திக் வேலை தெரியாத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. பத்திக் கலையின் பெருமை யாவாவுக்கு உரியது. இந்தோனேசியாவின் பத்திக்கை 2009 இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 1960களில் இதற்குப் புதிய உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஈனா டி சில்வா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையை அவருடைய பத்திக் துணிகள் அலங்கரித்தன. பின்னர் அவர் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்கள் தையலாலும் பத்திக்காலும் உழைப்பதற்கு ஒரு பட்டறையை நடத்தினார். ஆகவே இந்தத் தொழில் இலங்கைப் பெண்களின் கைக்குப் புதிதல்ல.

வேலை முறை இதுதான். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூடி, வெளிர்நிறச் சாயத்தில் தோய்க்கிறோம். பிறகு அந்த வெளிர்நிறம் நிலைக்க வேண்டிய இடத்தை மூடி, அடுத்த கடும்நிறத்தில் தோய்க்கிறோம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கிறோம். பரஃபின் மெழுகு வெடித்து நரம்பு நரம்பாகக் கோடு விழுத்தும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். எதை எவ்வளவு கலப்பது என்பது கை அனுபவம்.

இனி எங்கள் கொப்பியில் ஒரு பக்கத்தை வாசிக்கிறோம். இரண்டு நிறம், நடுத்தரமான வேலைப்பாடு உள்ள ஒரு சீலை. துணியைக் கழுவிக் கஞ்சி போக்க 1 மணித்தியாலம். வரைய 4. முதல் மெழுகு 7. முதற் சாயம் ஒன்றரை. இரண்டாம் மெழுகு 5. இரண்டாம் சாயம் ஒன்றரை. மெழுகு எடுக்க இரண்டரை. கழுவி, இஸ்திரி போட்டு, குறை நிறை பார்க்க ஒன்றரை. மொத்தம் 24 மணித்தியாலம்.

பக்கம் இங்கே முடியவில்லை. அதன் அடிப்பகுதியில் ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே துணியில் தெரியாத வேலைகளை எழுதுகிறோம். வாடிக்கையாளரோடு பேசியது, மாதிரி வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பியது, "மாம்பழ மஞ்சள் இல்லை, கொஞ்சம் மங்கலாக" என்று சொன்னதற்காகச் சிறு துண்டில் நிறம் பார்த்தது, கடைக்குப் போய்ச் சாயம் வாங்கியது, படம் எடுத்தது, பொதி கட்டித் தபாற் கந்தோருக்குக் கொண்டுபோனது. இந்தச் சீலைக்கு அது 6 மணித்தியாலம். ஆக மொத்தம் 30. ஐந்தில் ஒரு பங்கு நேரம் எவர் கண்ணிலும் படாத நேரம். சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்களின் பணம் ஒழுகும் ஓட்டை பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

விலைக்கு வருவோம். தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "அக்கா, என்ன விலை சொல்லுறது?" என்பதுதான். இலகுவான எண்களில் ஓர் உதாரணம் சொல்கிறோம். இது இன்றைய சந்தை விலை அல்ல. மணித்தியாலத்துக்கு 400 ரூபா என்று வையுங்கள். 30 மணித்தியாலத்துக்கு 12,000. துணி, மெழுகு, சாயம், விறகு எல்லாம் சேர்த்து 6,500. வாடகை, மின்சாரம், தேய்ந்துபோகும் தூரிகை ஆகியவற்றில் இந்தச் சீலையின் பங்கு 1,500. இதுவரை 20,000. வேலை இல்லாத மாதங்களுக்கும், புதிது பழகுவதற்கும், பழுதாகும் துணிக்கும் என்று 4,000 சேர்த்தால் 24,000. இதுதான் சொல்ல வேண்டிய விலை.

ஆனால் பக்கத்துக் கடையில் 15,000 என்று விற்கிறார்கள் என்பதற்காக நாமும் 15,000 சொல்கிறோம் என்று வையுங்கள். பொருட்செலவும் வாடகைப் பங்கும் 8,000 போனால் மிச்சம் 7,000. அதை 30 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 233 ரூபா. கோட்டுக்குக் கீழே எழுதாதவர் 24 ஆல் மட்டும் பிரித்து, ஏறக்குறைய 292 ரூபா கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். நேரமே எழுதாதவருக்கோ 7,000 ரூபா இலாபம் என்று தோன்றும். விலையைக் கூட்டச் சொல்லி இதைச் சொல்லவில்லை. சில வேளைகளில் 15,000க்குத்தான் விற்க முடியும். அப்போது 15,000க்குச் செய்யக்கூடிய சீலை எது என்று யோசிக்கலாம். வேலைப்பாட்டைக் குறைத்து, ஒரே நிறத்தில், ஒரே மெழுகில் செய்யலாம். எந்தப் படி எவ்வளவு நேரம் தின்னும் என்று கொப்பி சொல்வதால்தான் அப்படி மாற்றி அமைக்க முடிகிறது.

கொப்பி சொல்லித் தந்த இன்னும் சில பாடங்கள் உண்டு. முதலாவது, கை நேரமும் காத்திருப்பு நேரமும் வேறு வேறு. மேலே சொன்ன சீலைக்குக் கை நேரம் 24 மணித்தியாலம்தான். ஆனால் ஒவ்வொரு சாயத்துக்குப் பிறகும் அது உலர வேண்டும். மெழுகு பூசிய துணியை வெயிலில் போட முடியாது, மெழுகு உருகிவிடும். நிழலில், காற்றில்தான் உலர்த்த வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு சீலை ஆறு நாளில் முடிகிறது. கார்த்திகை மழையில் அதே சீலைக்குப் பத்து நாள் போதாது. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் சீலை கேட்பவர்கள் சரியாக அந்த மழைக்குள்தான் கேட்பார்கள். ஆகவே ஐப்பசிக்குப் பிறகு வரும் ஓடர்களுக்கு நாங்கள் கோடைக்காலக் கணக்கில் திகதி கொடுப்பதில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து, 25 நாள் திருவிழா முடிந்ததும் விமானம் ஏறும் சகோதரிகளுக்கோ, வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள் என்று சித்திரையிலேயே செய்தி அனுப்பிவிடுகிறோம்.

இரண்டாவது, சேர்த்துச் செய்தல். ஒரு சீலையைச் சாயத்தில் தோய்க்க ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர் அளந்து, சாயம் கரைத்து, பாத்திரம் கழுவும் நேரம்தான் அதில் பெரும்பங்கு. ஒரே நிறத்துக்கு மூன்று சீலைகள் இருந்தால் மூன்றும் இரண்டு மணித்தியாலத்தில் முடிகின்றன. ஒரு சீலைக்கு 40 நிமிடம். இப்போது நீலத்துக்கு ஒரு நாள், செம்மண் நிறத்துக்கு ஒரு நாள் என்று பாடசாலை நேரசூசி மாதிரி எங்கள் சுவரில் ஒரு நேரசூசி தொங்குகிறது. மணி அடிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

2022 ஆம் ஆண்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எரிவாயுவும் கிடைக்கவில்லை. மெழுகை விறகடுப்பில் உருக்கினோம். விறகுச் சூடு ஒரே சீராக நிற்காது. மெழுகு கூடச் சூடானால் புகையும், குறைந்தால் துணிக்குள் இறங்காமல் மேலே படிந்து நிற்கும். கொப்பியைப் பார்த்தால் 24 மணித்தியால வேலை 29 மணித்தியாலமாகியிருந்தது. எல்லாப் பொருட்களும் விலை ஏறிய அந்த நாட்களில், நாங்களும் ஏன் விலையை ஏற்றுகிறோம் என்று கேட்டவர்களுக்கு இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினோம். பெரும்பாலானோர் விளங்கிக்கொண்டார்கள். சிலர் விலகிப் போனார்கள். போனவர்களைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை, அது அனைவருக்கும் கஷ்டமான காலம்.

இப்போது கொஞ்சம் கடினமான விடயத்துக்கு வருகிறோம். எங்களோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவர் தனித்து நின்று பிள்ளைகளை வளர்ப்பவர்கள். இத்தொழிலில் பொதுவாகத் துண்டுக் கூலிதான் வழக்கம். ஒரு சீலைக்கு மெழுகு பூசினால் இவ்வளவு என்று கொடுப்பார்கள். அலையும் வட்டமும் உள்ள சீலைக்கு 7 மணித்தியாலம் போகிறது. மயிலும் தாமரைக் கொடியும் உள்ள சீலைக்கு 11 மணித்தியாலம் போகிறது. இரண்டுக்கும் ஒரே கூலி என்றால், நுணுக்கமாகச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் நட்டம். ஆகவே மணித்தியாலக் கணக்கில் கூலி என்று வைத்தோம்.

அப்போது அவர்களில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஏன் அக்கா, நாங்கள் வேலை செய்யாமல் கள்ளம் அடிப்பம் எண்டே மணி பாத்து எழுதச் சொல்லுறியள்?" நியாயமான கேள்வி. மணிக்கூடும் கொப்பியும் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் அது உதவும். முதலாளி கையில் மட்டும் இருந்தால் அது வேவு பார்க்கும் வேலைதான். ஆகவே ஐந்து பேரோடும் இருந்து பேசிச் சில ஒழுங்குகளைச் செய்தோம். பக்கம் துணியின் பெயரில் இருக்கும், ஆளின் பெயரில் இராது. அவரவர் நேரத்தை அவரவரே எழுதுவார், மற்றவர் திருத்தக் கூடாது. தேத்தண்ணி குடிக்கும் நேரமும், மெழுகுப் புகையிலிருந்து எழுந்து வெளியே நிற்கும் நேரமும் வேலை நேரமே. மற்றவர்களைப் போல நாங்கள் மூவரும் எங்கள் நேரத்தை அதே கொப்பியில் எழுதுவோம். யாரும் எந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

இதனால் கிடைத்த நன்மை பணத்தில் மட்டும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் மத்தியானமே வீட்டுக்குப் போனால், செய்த நேரம் கொப்பியில் இருக்கிறது. மனத்தாங்கல் வருவதற்கு இடமில்லை. எங்கள் மூவருக்கிடையிலும் அப்படித்தான். ஒருவருடைய தாயார் நெடுநாள் படுக்கையில் இருந்தார். அந்த ஆண்டுப் பக்கங்களில் அவருடைய நேரமெல்லாம் இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வீட்டில் இருந்து வரைந்த நேரமாக இருக்கிறது. பகலில் பட்டறையில் காணப்படாதவர் வேலை செய்யாதவர் அல்ல என்பதை அந்த எழுத்து காட்டியது. பங்கு பிரிக்கும்போது எவரும் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிநேகிதிகள் சேர்ந்து தொழில் செய்தால் சிநேகிதம் கெடும் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் பலர். அன்று எங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண், இன்று வீட்டில் சட்டை தைத்துக் கொடுப்பதற்கும் தனக்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறார்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, கலை என்ன நாட்கூலி வேலையா, மணிக்கணக்கில் விலை போடுவதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். இந்தக் கேள்வி பழையது. 1878 நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தது. ஓவியர் விஸ்லரின் இராக்காட்சி ஓவியம் ஒன்றை விமர்சகர் ரஸ்கின் கடுமையாகத் தாக்கி எழுதினார். விஸ்லர் மானநட்ட வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டபோது, இரண்டு நாளுக்காக அல்ல, வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். ஓவியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் பதில் அது. ஆனால் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடாகக் கொடுத்தது ஒரேயொரு ஃபார்திங், மிகச் சிறிய நாணயம். அடுத்த ஆண்டே அவர் கடனில் முறிந்துபோனார்.

இந்த வழக்கிலிருந்து நாங்கள் இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்கிறோம். விஸ்லர் சொன்னது உண்மை. முப்பது ஆண்டு வரைந்த கை இருபது நிமிடத்தில் கீறும் மயிலை, பழகாத கை இரண்டு நாளிலும் கீறாது. விரைவாகச் செய்கிறார் என்பதற்காக அவருக்குக் குறைத்துக் கொடுத்தால், திறமைக்கே தண்டனை கொடுத்ததாகும். எங்கள் கணக்கில் வரைபவரின் மணித்தியாலத்துக்கு விலை கூட இருப்பது அதனால்தான். ஆனால் இதையும் கவனியுங்கள். இரண்டு நாள் எடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான், அதற்கு மேலானதைக் கேட்டார். நேரமே விலை அல்ல. ஆனால் நேரம் தெரியாமல் விலையைப் பற்றிப் பேச முடியாது.

கடைசியாக, எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைவுப் படங்கள். இறந்துபோன தாய் தந்தையரின் முகத்தை வரைந்து தரும்படி உலகின் பல பக்கங்களிலிருந்தும் கேட்கிறார்கள். 1995 இடப்பெயர்விலும் அதற்குப் பின்னும் முன்னும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டோடு அல்பங்களையும் இழந்துவிட்டன. சிலரிடம் எஞ்சியிருப்பது அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் ஒன்றுதான். அதுவும் தண்ணீர் பட்டு, முகத்தில் பாதி மங்கியிருக்கும்.

அப்படி ஒரு படத்துக்கு எங்கள் கொப்பியில் 22 மணித்தியாலம் எழுதப்பட்டிருக்கிறது. அதில் வரைந்த நேரம் 13. மிச்சம் 9 மணித்தியாலமும் அந்த முகத்தைத் தேடிய நேரம். ரொறன்ரோவில் இருக்கும் மகள், அப்பாவின் புருவம் அடர்த்தி என்கிறார். பாரிசில் இருக்கும் மகன், இல்லை, அது பெரியப்பாவின் புருவம் என்கிறார். ஊரில் இருக்கும் மச்சாளைக் கேட்டால், அவர் சிரிக்கும்போது இடது கன்னம் முதலில் சுருங்கும் என்று வேறொன்று சொல்கிறார். மூன்று பேரும் சொன்னதைச் சேர்த்து வரைந்து அனுப்பினால், மூவரும் தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு மகள் அழுகிறார். அதையும் நாங்கள் 'பேசியது' என்ற பெயரில் முக்கால் மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறோம்.

அதற்கு எப்படிக் காசு கேட்பது? இந்தக் கேள்வியில் நாங்கள் மூவரும் பலநாள் விவாதித்தோம். எழுதவே வேண்டாம் என்றார் ஒருவர். எழுதத்தான் வேண்டும், பிறகு யோசிப்போம் என்றார் மற்றவர். முடிவில் எழுதுவது என்றே தீர்மானித்தோம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னதைக் கருமித்தனம் என்று நாம் நினைப்பதுண்டு. எங்களுக்கு அது இப்போது வேறுவிதமாக விளங்குகிறது. நினைவுப் படத்துக்கு வரைந்த நேரத்துக்கு மட்டும் காசு வாங்குகிறோம். முகம் தேடிய நேரத்தை வாங்குவதில்லை. அது எங்கள் கொடை. ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்று எங்களுக்குத் தெரியும். கடந்த ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்து, அடுத்த ஆண்டில் எத்தனை படம் இப்படிச் செய்யலாம், அதைத் தாங்க எத்தனை சீலை விற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். அளக்காமல் கொடுத்திருந்தால் இரண்டு ஆண்டில் களைத்துப்போய், மூன்றாவது ஆண்டில் எவருக்கும் கொடுக்க முடியாமல் போயிருப்போம். பெண்கள் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் என்று எல்லோரும் மேடையில் புகழ்கிறார்கள். எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வைத்தால்தான் அது கொடை. எழுதாவிட்டால் அது சும்மா இருக்கிற நேரம்.

கொப்பியில் இன்னொரு பக்கமும் உண்டு. 'சொந்த வேலை' என்று அதற்குப் பெயர். எவரும் கேட்காமல், விற்பதற்காக அல்லாமல், பழகுவதற்கும் பார்ப்பதற்கும் செலவிடும் நேரம். ஓடர் நிறைய வரும் மாதங்களில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். அப்படி இரண்டு மாதம் தொடர்ந்தால் அடுத்த மாதப் புதன் முற்பகல்களில் ஓடர் வேலை எடுப்பதில்லை என்பது எங்கள் விதி. வயலுக்குத் தரிசு விடுவது போல அது. சந்தையில் இன்று கேட்கப்படும் எங்கள் தென்னோலைக் கோலச் சீலை, ஒரு புதன்கிழமை எவரும் கேட்காமல் பிறந்ததுதான்.

சகோதரிகளே, நேரம் முடிகிறது என்று தலைவி அவர்கள் கண்ணால் சொல்கிறார். நேரத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் நேரம் தாண்டக் கூடாது. மூன்று வேண்டுகோள்களோடு நிறுத்துகிறோம்.

தங்கைகளே, நீங்கள் நாளை வரையலாம், தைக்கலாம், கேக் அலங்கரிக்கலாம், மணவறை சோடிக்கலாம். இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். விற்கத் தொடங்கிய பிறகு எழுதலாம் என்று இருக்க வேண்டாம். பாடசாலைச் சித்திரப் பாடத்துக்குச் செய்யும் படத்துக்கே எழுதிப் பழகுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கையைப் பற்றி உங்களுக்கே தெரியாத செய்திகளை அது சொல்லும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, எங்கள் தொழிலைத் தாங்குபவர்களில் பெரும்பங்கு நீங்கள்தான். அதற்கு நன்றி. நம் பள்ளிப் பிள்ளைதானே, கொஞ்சம் குறைத்துத் தாருங்கள் என்று நீங்கள் உரிமையோடு கேட்கிறீர்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, தொடர்ந்து கேளுங்கள். ஆனால் விலையைக் கேட்கும்போதே, இதற்கு எத்தனை மணித்தியாலம் போனது என்றும் ஒரு தடவை கேளுங்கள். எங்களிடம் மட்டுமல்ல, ஊரில் ஓலைப்பெட்டி இழைப்பவரிடமும், வடகம் போட்டு விற்பவரிடமும் கேளுங்கள். அவர் யோசித்துப் பார்க்கத் தொடங்குவார்.

ஆசிரியைகளே, சித்திர அறைச் சுவரில் ஒரு மணிக்கூடும், அதன் கீழே ஒரு கொப்பியும் தொங்கவிட அனுமதி கேட்கிறோம். நூற்றாண்டு நினைவாக அவற்றை நாங்கள் மூவரும் வாங்கித் தருகிறோம். முதற் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் தருவோம். அதில் எழுத வேண்டியவர்கள் இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எங்களுக்குக் கோடு கீறவும் கணக்குப் பார்க்கவும் ஒரே கூரையின் கீழ் கற்றுத்தந்த கல்லூரித் தாய்க்கு எங்கள் நன்றி.